புதுப்பிப்பு: கல்லணை – பூம்புகார் சைக்கிள் பாதை, முள் பஞ்சருக்கு வழி கிடைத்தது

காவிரிக் கரைச் சாலையில் சீமைக்கருவேல முள் குத்தி அடிக்கடி பஞ்சர் ஆகிறதே என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. டயருக்கும் டியூபுக்கும் நடுவே முள்ளைத் தடுக்கும் லைனர் பட்டை வைக்கச் சொன்னதுதான் பலித்தது. 35 மி.மீ. அகல டயர், பின்சக்கரத்தில் காற்றழுத்தம் 60 பிஎஸ்ஐ. திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார் வரை ஒரு பஞ்சர்கூட இல்லை. பட்டையின் முனையை மட்டும் உப்புத்தாளில் தேய்த்து மழுக்கிவிடுங்கள். கூராக இருந்தால் அதுவே டியூபை அறுத்துவிடும்.

எதிர்பாராதது வைக்கோல். தை, மாசியில் சம்பா அறுவடை, நெல் காய்வதே தார்ச்சாலையில்தான். இழைகள் பின்கியரின் குட்டிப் பல்சக்கரங்களில் சுற்றிக்கொண்டு சங்கிலி தாவியது. அப்படியே மிதிக்காமல் இறங்கி, கத்தி முனையால் நெம்பி எடுத்தால் போதும்.

மயிலாடுதுறைக்குக் கிழக்கே பிற்பகலில் கடல்காற்று நேர் எதிரே வரும். அந்தக் கடைசி 25 கி.மீ.யைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.