மி-17 ஓட்டியவன் சிவிலுக்கு வர எங்கே தொடங்குவது?

காட்பாடிக்காரன்:
வணக்கம். விமானப்படையில் ஷார்ட் சர்வீஸ் அதிகாரி. அடுத்த ஆண்டு 14 வருஷம் முடிந்து வெளியே வருகிறேன். பென்ஷன் கிடையாது, மகள் அஞ்சாவது படிக்கிறாள், அதனால் வந்த கையோடு வேலை வேண்டும். பறந்ததெல்லாம் மி-17 ஹெலிகாப்டர்தான், பெரும்பாலும் வடகிழக்கில், கொஞ்சம் லடாக்கில். மொத்தம் 2,300 மணி நேரம், அதில் கேப்டனாக 1,100.

கூடப் பறந்த ஒருவர், "மலையில் ஓட்டியவனைக் கேதார்நாத்தில் உடனே எடுத்துக்கொள்வார்கள், அங்கே போ" என்கிறார். இன்னொருவர் ஹெலிகாப்டரையே விட்டுவிட்டு ஏர்லைன்ஸுக்கு மாறச் சொல்கிறார். லைசென்ஸ், தேர்வு எதையும் இன்னும் தொடவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜூஹு பைலட்:
தம்பி, நான் கடற்படைக்காரன். அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தில் சேத்தக் ஹெலிகாப்டரில் பழகியவன். இப்போது ஜூஹுவிலிருந்து கடலுக்குள் இருக்கும் மும்பை ஹை எண்ணெய் வயலுக்குப் பறக்கிறேன்.

முதலில் லாக்புக், அதாவது பறந்த மணிக்கணக்கை எழுதும் புத்தகம். யூனிட்டில் இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்தையும் கூட்டிப் பார்த்து, கையெழுத்து, முத்திரை எல்லாம் வாங்கிவிடு. வெளியே வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், கையெழுத்துப் போட வேண்டியவர் ஒருவர் ஜோர்ஹாட்டில் இருப்பார், இன்னொருவர் ஓய்வு பெற்றிருப்பார். கேப்டனாக ஓட்டியது, இரண்டாவது பைலட்டாக ஓட்டியது, இரவு, இன்ஸ்ட்ருமென்ட் என்று தனித்தனியாகப் பிரித்து வை. கம்பெனிக்காரன் மொத்தக் கணக்கை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, கேப்டன் கணக்கில்தான் விரலை வைப்பான். பைலட் லைசென்ஸில் உயர்ந்ததான ஏடிபிஎல் வாங்க 1,000 மணி நேரம் வேண்டும், உனக்கு அது தாராளமாக இருக்கிறது. அதனால் மணிக்கணக்கைப் பற்றிக் கவலைப்படாதே, காகிதத்தைப் பற்றிக் கவலைப்படு.

அப்புறம் தேர்வு. ஏர் ரெகுலேஷன்ஸ், நேவிகேஷன், மெட் (வானிலை), டெக்னிகல். எல்லாவற்றிலும் 70 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். நமக்கு நேவிகேஷனும் மெட்டும் பழகியவை. ரெகுலேஷன்ஸ்தான் காலை வாரும், ஏனென்றால் அந்தச் சட்டத்துக்குள் நாம் பறந்ததே இல்லை. ஆர்டிஆர் ரேடியோ லைசென்ஸ் முன்பு தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்தது, 2025-இல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தோடு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ கைக்குப் போய்விட்டது. பழைய நோட்ஸை நம்பாதே. படையின் மெடிக்கல் கேட்டகரியும் இங்கே செல்லாது, சிவில் கிளாஸ் 1 மெடிக்கல் தனியாக எடுக்க வேண்டும். பெங்களூர் ஏரோஸ்பேஸ் மெடிசின் நிலையத்திலேயே எடுக்கலாம்.

இனி எங்கே சேருவது. நான் கடலைத்தான் சொல்வேன். இரண்டு இன்ஜின், இரண்டு பைலட், கருவிகளைப் பார்த்தே பறக்கும் ஐஎஃப்ஆர். டாஃபின், பெல் 412, ஏடபிள்யூ 139, இப்படி எதிலாவது டைப் ரேட்டிங், அதாவது அந்த வகை இயந்திரத்துக்கான தனித் தகுதி, எடுக்க வேண்டியிருக்கும். கம்பெனி செலவு செய்தால் இத்தனை வருஷம் வேலை செய்வேன் என்று பாண்ட் கேட்கும், படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. தண்ணீருக்குள் தலைகீழாகக் கவிழ்த்து வெளியே வரச் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. முதல் தடவை மூக்கு வழியாகத் தண்ணீர் ஏறும், அவ்வளவுதான்.

வயதையும் கணக்குப் பண்ணு. 60 தாண்டினால் தனி பைலட்டாகப் பயணிகளை ஏற்றிப் பறக்க முடியாது. இரண்டு பைலட் இயந்திரம் என்றால் 65 வரை ஓடும். உனக்கு இப்போது முப்பத்தேழு, முப்பத்தெட்டு இருக்குமா? அந்தக் கடைசி ஐந்து வருஷம் பென்ஷன் இல்லாதவனுக்குப் பெரிய விஷயம்.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். முதலில் கோ-பைலட்டாகத்தான் உட்காருவாய். உன்னைவிடச் சின்னப் பையன் கேப்டனாக இருப்பான். அதைவிடக் கஷ்டம், "முடியாது" என்று சொல்லப் பழகுவது. படையில் ஒருவரைத் தூக்கி வர வேண்டும் என்றால் எப்படியாவது போய்த் தூக்கி வருவோம், அதுதான் பெருமை. இங்கே எண்ணெய் ரிக்கில் பன்னிரண்டு பேர் ஷிஃப்ட் முடிந்து பையோடு நிற்பார்கள், இறங்கும் டெக்கில் காற்று வரம்பை மீறினால் திரும்பிவிட வேண்டும். கோபப்படுவார்கள். படட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இது வாரா வாரம் நடக்கும்.

குப்தகாசி கேப்டன்:
அண்ணன் கடல் கட்சி, நான் மலைக் கட்சி. ராணுவ ஏவியேஷனில் சீட்டா ஹெலிகாப்டர் ஓட்டிவிட்டு வந்தவன், கேதார்நாத்துக்குப் பக்தர்களை ஏற்றிப் போகும் ஷட்டிலில் நாலைந்து சீசன் பார்த்துவிட்டேன். சம்பளம் நன்றாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் நண்பர் சொன்ன மாதிரி அவ்வளவு சுலபமில்லை.

கோவில் இருப்பது 3,583 மீட்டர் உயரத்தில். பெரும்பாலும் பெல் 407, எச்125 மாதிரி ஒற்றை இன்ஜின், ஒற்றை பைலட். மி-17-இல் பக்கத்தில் கோ-பைலட், நடுவில் ஃப்ளைட் இன்ஜினியர் என்று பழகிய உங்களுக்கு அந்தத் தனிமையே பாதி வேலை. பள்ளத்தாக்கில் உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே வழி, மேகம் புகுந்தால் திரும்ப இடம் இருக்காது. 2022 அக்டோபர் விபத்தில் ஏழு பேர் இறந்தார்கள், 2025 ஜூனில் கௌரிகுண்ட் பக்கத்தில் ஏழு பேர். இரண்டுமே பெல் 407. 2025 விபத்தின் பைலட் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மலை தெரியாதவர் இல்லை.

அதனால் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. முதல் வேலையாக வேண்டாம். சிவில் பழக்கம் வந்த பிறகு, கேள்வி கேட்டுப் பார்த்து ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்து வாருங்கள். "வானிலை சரியில்லை என்று பைலட் நிறுத்தினால் யார் அவரோடு பேசுவார்கள், ஆபரேஷன்ஸா, டிக்கெட் விற்கிறவரா?" என்று நேர்காணலிலேயே கேளுங்கள். பதில் சொல்ல இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். சீசனுக்கு மட்டும் ஆள் எடுத்துவிட்டு அப்புறம் கைவிடும் இடங்களும் உண்டு, பன்னிரண்டு மாதச் சம்பளமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இறக்கை மாறியவன்:
ஏர்லைன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. நானும் ஹெலிகாப்டர்தான், மாறிவிட்டேன். விமானத்துக்கான சிபிஎல் (வணிக பைலட் லைசென்ஸ்) தனி, அதன் பிறகு ஏ320 டைப் ரேட்டிங், எல்லாம் கைக்காசு, பல லட்சம் போகும். படிக்கிற காலத்தில் வருமானம் இல்லை. மனைவிக்கு வேலை இருந்ததால் எங்களால் முடிந்தது. பென்ஷன் இல்லாமல் இதில் இறங்குவதென்றால் இரண்டு வருஷச் செலவுக்குக் கையில் பணம் இருக்க வேண்டும்.

காட்பாடிக்காரன்:
மூவருக்கும் நன்றி. ஜூஹு அண்ணா, தேர்வைப் பணியில் இருக்கும்போதே எழுதலாமா, வெளியே வந்த பிறகா?

ஜூஹு பைலட்:
இப்போதே. யூனிட்டில் முறைப்படி அனுமதி கேட்டு எழுது, இந்த மாதமே விண்ணப்பம் போடு. ரெகுலேஷன்ஸை முதலில் முடி. லாக்புக்கில் சந்தேகம் இருந்தால் தனிச் செய்தி அனுப்பு, பார்க்கிறேன்.