53 மணி ஜெபமாலை: வெறும் வாய்ப்பழக்கமா?

தக்கலைக்காரன்:
அக்டோபர் முழுக்க எங்கள் அன்பியத்தில் (பங்கில் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) மாதா சொரூபம் வீடு வீடாகப் போகிறது. நேற்று எங்கள் வீட்டு முறை. ஒரு பரலோக மந்திரம், மாதாவிடம் வேண்டும் அருள் நிறை மந்திரம் பத்து, இப்படி ஐந்து சுற்று; தொடக்கத்தில் சொல்லும் மூன்றையும் சேர்த்தால் 53. மூன்றாவது பத்தில் திரும்பிப் பார்த்தால், சித்தி கண்ணை மூடியபடியே குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று விரலை நீட்டிக் காட்டுகிறார். வாய் மட்டும் நிற்கவில்லை. என் நிலையும் அதுதான். சின்ன வயதிலிருந்து சொல்கிறேன், ஒன்றும் ஒட்டவில்லை. இதில் தனக்கென்று எதையாவது கண்டவர்கள் உண்டா? இல்லை, விட்டுவிடலாமா?

சிஎஸ்ஐ_மருமகன்:
விட்டுவிடுங்கள் அண்ணே. மத்தேயு 6:7, 'வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்'. நான் சிஎஸ்ஐ, புராட்டஸ்டன்ட்; என் மாமியார் வீடு ஆர்சி, ரோமன் கத்தோலிக்கர். கூட உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மந்திரம் என்று பேரை வைத்துவிட்டு அர்த்தம் தேடினால் எப்படி? அப்பாவிடம் பேசுவதுபோல மனதில் உள்ளதை நாலு வார்த்தை சொன்னால் போதாதா?

உபதேசியார்_மகன்:
தம்பி, 136-ஆம் சங்கீதம் வாசித்ததுண்டா? 26 வசனம், 26 தடவையும் 'அவர் கிருபை என்றுமுள்ளது'. கெத்செமனேயில் இயேசுவே மூன்றாம் தடவையும் அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் ஜெபித்தார். அலப்புவது தப்பு, திரும்பச் சொல்வது தப்பில்லை. தக்கலைத் தம்பி, மணியை மட்டும் உருட்டினால் விசில்தான் கேட்கும். தேவ இரகசியத்தை, அதாவது ஒவ்வொரு பத்துக்கும் உரிய இயேசு, மாதா வாழ்க்கை நிகழ்ச்சியை, தியானிக்க வேண்டும். தியானம் இல்லாத ஜெபமாலை உயிரில்லாத உடல் என்று போப் ஆறாம் பவுல் 1974-லேயே எழுதிவிட்டார். ஆனால் இந்தத் 'தனக்கென்று' எல்லாம் வேண்டாம். ஆளுக்கொரு அர்த்தம் வைத்தால் அது திருச்சபையின் ஜெபமாக இருக்காது.

கரைமடி:
நான் தூத்தூர் பக்கம். ஒளியின் தேவ இரகசியங்கள் ஐந்தும் 2002-ல் இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தவைதானே? எங்கள் பாட்டி சாகும்வரை அதைச் சொல்லவே இல்லை. பழைய மூன்று வகை இரகசியங்களும் சேர்ந்த முழு ஜெபமாலை 153 மணி, பேதுரு இழுத்த வலையிலும் 153 மீன், கணக்கு சரியாக இருக்கும்போது எதற்குக் கூட்டுகிறீர்கள் என்பார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். வீட்டுக்காரர் ஆழ்கடலுக்குப் போய் 12 நாள். கரண்ட் இல்லை, போன் இல்லை. வியாழக்கிழமை, முறைப்படி ஒளியின் தேவ இரகசியம். ஒற்றை மெழுகுதிரியை வைத்துக்கொண்டு ஒளி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமியார் அருள் நிறை மந்திரத்தைப் பழைய வாசகத்தில்தான் சொல்வார்: 'இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்'. அதுவரை அந்த இரண்டு 'உம்'மையும் நான் கவனித்ததே இல்லை. வீட்டுக்காரருக்கு அன்றைக்கு 'இப்பொழுது'தான் 'மரண நேரமோ' என்னவோ! 53 தடவையும் அந்த இடத்தில் மணியை இறுக்கிப் பிடித்தேன், விரலில் தடம் விழுந்திருந்தது. வேறு எதையும் தியானிக்கவில்லை. அது தப்பென்றால் தப்புதான்.

சிஎஸ்ஐ_மருமகன்:
அக்கா, உங்களிடம் வசனம் பேச எனக்கு மனமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. அதே ஜெபத்தைச் சொன்ன எத்தனையோ வீட்டில் ஆள் திரும்பவில்லையே?

கரைமடி:
கோபமில்லை தம்பி. என் வீட்டுக்காரர் எட்டாம் நாள் லட்சத்தீவிலிருந்து பேசினார். பக்கத்து வீட்டுக்காரர் வரவே இல்லை. அவர் மனைவியும் நானும் ஒரே திண்ணையில் இருந்து சொன்ன ஜெபம்தான். அவள் இன்றும் சொல்கிறாள். 'இப்பொழுதும்' மகனுக்கு, 'மரண நேரத்திலும்' அவருக்கு. அவர் போன நேரம் அவளுக்குத் தெரியாது. அதனால் என்றைக்குச் சொன்னாலும் அந்த நேரத்துக்குப் போய்ச் சேரும் என்கிறாள்.

உபதேசியார்_மகன்:
மரித்தவர்களுக்கு முறைப்படி 'நித்திய இளைப்பாற்றி' ஜெபம் தனியாக இருக்கிறது. ஆனால் அந்த அம்மாவிடம் போய் அதை நான் சொல்ல மாட்டேன்.

தக்கலைக்காரன்:
அக்கா, இன்று சொரூபம் எதிர்வீட்டுக்குப் போகிறது. ஒரு பத்து மட்டும் அந்த 'உம்'மைக் கவனித்துச் சொல்லிப் பார்க்கிறேன். ஒட்டாவிட்டால் வந்து சொல்வேன்.

சிஎஸ்ஐ_மருமகன்:
நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள். இன்றைக்கு ஏழு மணிக்கு மாமியார் வீட்டிலும் உண்டு. வராந்தாவில் இருப்பேன். மணியைத் தொட மாட்டேன்.