காற்றில் ஓடும் டைவிங் ஸ்கூட்டர்: ஆழம் போனால் இழுவை குறைகிறது, உதவுங்கள்

சுறாக்குட்டி:
நண்பர்களே, 12 லிட்டர், 200 பார் (பார் என்பது அழுத்த அலகு) காற்று சிலிண்டரை வைத்து, டைவரைத் தண்ணீருக்கடியில் இழுத்துச் செல்லும் ஒரு நீரடி ஸ்கூட்டர் செய்திருக்கிறேன். வேன் வகை (காற்று தள்ளத் தகடுகள் சுழலும்) ஏர் மோட்டார், கியர்பாக்ஸ், வளையக் காப்புக்குள் 20 செ.மீ. புரொப்பல்லர். ஒர்க்‌ஷாப் ரெகுலேட்டர்தான் (சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுப்பது), 6 பாரில் வைத்திருக்கிறேன். அதன் ஸ்பிரிங் மூடிக்குள் தண்ணீர் போகாதபடி சிலிக்கான் போட்டு அடைத்தாயிற்று. மேல்மட்டத்தில் அருமையாக இழுக்கிறது. 20 மீட்டரில் துவண்டுவிடுகிறது. இன்னொன்று: சில நிமிடம் ஓடியதும் சத்தம் அடைத்த மாதிரி மாறி வேகம் விழுகிறது. கொஞ்சம் நிறுத்தி வைத்தால் மறுபடி ஓடுகிறது. பெரிய மோட்டார் போட்டால் தீருமா?

திருகாணி:
பெரிய மோட்டார் காற்றைத்தான் சீக்கிரம் தின்னும். உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு.

நிறுத்தினால் சரியாகிறது என்றால் அது பனி. காற்று விரியும்போது குளிரும், அதிலுள்ள ஈரம் வெளியேறும் வழியில் உறையும். மோட்டாரோடு வந்த சைலன்சரைக் கழற்றவில்லை என்று நினைக்கிறேன். மஞ்சளாகப் பித்தளைத் துகள் அழுத்திச் செய்த குமிழ் இருக்குமே, அதன் துளைகள்தான் முதலில் அடையும். தண்ணீருக்கடியில் அதற்கு வேலையே இல்லை, கழற்றிவிட்டு ஒரு ஒருவழி வால்வு போடுங்கள். இல்லாவிட்டால் டிரிகரை விட்டதும் கடல் நீர் மோட்டாருக்குள் ஏறிவிடும். வெளியேறும் காற்றை புரொப்பல்லருக்குப் பின்னால் விடுங்கள். குமிழியைக் கடைகிற புரொப்பல்லர் தள்ளாது.

ஆழப் பிரச்சினைக்குக் காரணம் அந்த சிலிக்கான். மூடிக்குள் மேல்மட்டத்துக் காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் எவ்வளவு ஆழம் போனாலும் ரெகுலேட்டர் கொடுப்பது, மேல்மட்டக் காற்றின் 1 பாரையும் சேர்த்து, மொத்தம் 7 பார்தான். 20 மீட்டரில் வெளியே 3 பார். மோட்டாருக்கு மிஞ்சுவது 4 பார் வித்தியாசம். மேலே 6 இருந்தது.

சுறாக்குட்டி:
சைலன்சர் இருக்கிறது அண்ணா, இன்றைக்கே கழற்றுகிறேன். மூடியில் துளை போட்டுவிட்டால் போதுமா?

திருகாணி:
போதும், ஆனால் உப்பு நீரில் அந்த ஸ்பிரிங் ரொம்ப நாள் தாங்காது. டைவிங் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் (டைவர்கள் மூச்சு சிலிண்டரில் மாட்டும் ரெகுலேட்டர்) ஒன்றைப் போடுவது மேல். சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட 9, 10 பார் கூடுதலாகவே எப்போதும் கொடுக்கும், ஆழத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். மோட்டாரின் உச்ச அழுத்தம் எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுத்துடுப்பு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மூச்சு சிலிண்டரிலிருந்தே ஒரு ஹோஸ் இழுத்தால் தனி சிலிண்டர் சுமக்க வேண்டாமே?

ஆழ்மனிதன்:
கூடவே கூடாது தம்பி. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குபவருக்கு 20 மீட்டரில் 60 லிட்டர் வேண்டும். இந்த மோட்டார் அதைப்போல நான்கைந்து மடங்கு இழுக்கும். டிரிகர் ஒருமுறை சிக்கினால் மூச்சுக்கு வைத்த காற்று கண்ணெதிரே போய்விடும். தனி சிலிண்டர், தனி ரெகுலேட்டர், கையை எடுத்தால் தானே மூடும் டிரிகர். இதில் பேரமே கிடையாது. டிரிகர் சிக்கி ஸ்கூட்டர் வேகமாக மேலே இழுத்துக்கொண்டு போனால், உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரல் கிழியலாம்.

சுறாக்குட்டி, ஒரு கணக்குச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சிலிண்டரில் இருப்பது 2400 லிட்டர் காற்று. 7 பாருக்கு அழுத்தினால் 343 லிட்டர், அது 6 பார் வித்தியாசத்தில் தள்ளினால் கிடைக்கும் ஆற்றல் 57 வாட் அவர் (ஒரு மணி நேரத்துக்கு 57 வாட்). 20 மீட்டரில் அதே 6 பார் வித்தியாசம் வேண்டுமென்றால் 9 பார் கொடுக்க வேண்டும், அப்போது 44 வாட் அவர்தான். வேன் மோட்டாரின் கசிவிலும் உராய்விலும் பாதி போகும் என்று வையுங்கள், தண்டுக்கு 22. 150 வாட் இழுவைக்கு ஒன்பது நிமிடம் வராது. 18 வோல்ட், 5 ஆம்பியர் அவர் டிரில் பேட்டரி ஒன்றிலேயே 90 வாட் அவர் இருக்கிறது!

திருகாணி:
கணக்கு சரி, எனக்கும் மறுப்பில்லை. ஆனாலும் பேட்டரிப் பெட்டிக்குள் நீர் புகும் கவலை இதில் இல்லை. 1866இல் ஆங்கிலேயப் பொறியாளர் வைட்ஹெட் செய்த டார்பிடோவே அழுத்திய காற்றில்தான் ஓடியது. தூரம் போதாமல் பின்னால் வந்தவர்கள் எரிபொருளை எரித்துக் காற்றைச் சூடாக்கினார்கள். நமக்கு அந்த வழி வேண்டாம். வேகத்தைக் குறைப்பதுதான் நம் வழி, ஏனென்றால் வேகம் பாதியானால் தேவைப்படும் சக்தி எட்டில் ஒன்று.

சுறாக்குட்டி:
சைலன்சரைக் கழற்றி, ஃபர்ஸ்ட் ஸ்டேஜும் மாட்டிப் பார்த்தேன். சத்தம் மாறவில்லை, 20 மீட்டரிலும் மேலே போலவே இழுக்கிறது. காற்று சீக்கிரம் தீர்கிறது, நீங்கள் சொன்ன மாதிரியே. வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன், 10 மீட்டருக்குள் வைத்துக்கொள்கிறேன். கடைசிச் சந்தேகம்: காற்று தீரத் தீர ஸ்கூட்டர் மேலே தூக்குகிறதே?

ஆழ்மனிதன்:
2400 லிட்டர் காற்று கிட்டத்தட்ட 3 கிலோ. காலி சிலிண்டரோடு தண்ணீரில் மிதக்காமல், மூழ்காமல் நிற்கும்படி எடை கட்டுங்கள். தொடக்கத்தில் 3 கிலோ கனமாக இருக்கும், அதை உங்கள் பிசிடியில் (டைவர் அணியும் காற்றடைக்கும் மிதவைச் சட்டை) கொஞ்சம் காற்று ஏற்றி ஈடுகட்டலாம். அப்படி ஈடுகட்டியிருக்கும்போது ஸ்கூட்டரைக் கைவிட்டால் அது கீழே போகும், நீங்கள் மேலே போவீர்கள். அதனால் இடுப்பு வளையத்தில் ஒரு கயிறு போட்டு மாட்டிக்கொண்ட பிறகே டிரிகரை அழுத்துங்கள்.