பாலூட்டும் இடம் குறித்து உங்கள் உதவி தேவை
குழுவிலுள்ள சகோதரிகளுக்கு வணக்கம். நான்கு மாதக் குழந்தையின் தாயாகிய நான், கடலூரிலிருந்து புதுச்சேரியிலுள்ள அம்மா வீட்டுக்கு மாதம் இருமுறையாவது பேருந்தில் சென்று வருகிறேன். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதால், பால் புட்டியை நான் எடுத்துச் செல்வதில்லை.

தமிழகப் பேருந்து நிலையங்களில் 2015 ஆகஸ்டில் தாய்மார்களுக்கெனத் தனி அறைகள் திறக்கப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். ஆனால், சென்ற வாரம் நான் தேடிச் சென்ற அத்தகைய அறை ஒன்று பூட்டிக் கிடந்ததோடு, அதன் சாவி யாரிடம் உள்ளது என்பதும் அங்கிருந்த எவருக்கும் தெரியவில்லை. வேறு வழியின்றிப் பேருந்தின் ஜன்னலோர இருக்கையில் துப்பட்டாவால் மூடிக்கொண்டு பாலூட்டியபோது, ஆண்கள் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை, பக்கத்திலிருந்த வயதான அம்மாதான், “இதையெல்லாம் வீட்டிலேயே முடித்துவிட்டு வரக் கூடாதா?” என்று அனைவருக்கும் கேட்கும்படி கடிந்துகொண்டார். (குழந்தையின் பசிக்குப் பேருந்து நேரமா தெரியும்!)

புதுச்சேரியில் கடற்கரைச் சாலை, தாவரவியல் பூங்கா, பெரிய மார்க்கெட் ஆகிய பகுதிகளில் தயக்கமின்றி அமர்ந்து பாலூட்டத்தக்க இடங்களை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். பூட்டிய அறையைத் திறக்கக் கோரி, ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு அளித்தவர்கள் இருந்தால், மனுவை எவ்வாறு எழுதினீர்கள் என்பதையும் பகிருங்கள்.