லேசரால் புரதத்தை அயனாக்கிய முறை: பெருமை யாருக்குரியது?

கேள்வி (ஒட்டுசுட்டான், இரசாயனவியல் ஆசிரியை)

வணக்கம். புரதங்களின் திணிவை அளப்பதற்காக அவற்றைச் சிதைக்காமல் லேசரால் அயனாக்கும் (மின்னேற்றம் பெறச் செய்யும்) முறைக்காக 2002ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசில் கால் பங்கு ஜப்பானியரான கொய்ச்சி தனாக்காவுக்குக் கிடைத்தது என்று உயர்தர வகுப்பில் எழுதிப்போட்டேன். பின்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ரீச்சர், இப்ப ஆய்வுகூடங்களில பாவிக்கிறது ஜேர்மன்காரரின்ர முறை எண்டெல்லோ வாசிச்சனான்" என்றாள். வெண்கட்டியைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டேன். பரிசு ஆள்மாறிப் போய்விட்டதா?

பதில் 1 (கிளிநொச்சி, அறிவியல் நகர்)

ஆசிரியை அவர்களுக்கு, மாணவி வாசித்ததும் சரி, நீங்கள் எழுதியதும் சரி. கியோட்டோவின் ஷிமாட்சு நிறுவனத்தில் மின்பொறியியல் பட்டதாரியாக வேலை பார்த்த தனாக்கா, 1985இல் நுண்ணிய கோபால்ட் தூளுடன் தவறுதலாகக் கிளிசரோலைக் கலந்துவிட்டார். விலையுயர்ந்த தூளை வீசிவிட மனமில்லாமல் அதையே லேசரின் கீழ் வைத்தபோதுதான் பெரிய மூலக்கூறு உடையாமல் எழும்பியது. 1987இல் மாநாட்டிலும் 1988இல் கட்டுரையாகவும் அவர் காட்டிய புரதங்களுள் ஒன்றின் மூலக்கூற்றுத் திணிவு 34,000க்கும் மேல். பரிசுக்குழு கவனித்தது, முழுப் புரதத்துக்கு இது இயலும் என்று முதலில் காட்டியவர் யார் என்பதையே.

பதில் 2 (வவுனியா)

மேலுள்ள பதிலில் ஒரு பாதி விடுபட்டுள்ளது. ஜேர்மனியரான பிரான்ஸ் ஹில்லன்காம்ப், மைக்கேல் கராஸ் ஆகிய இருவரும் 1985இலேயே, லேசர் ஒளியை நன்கு உறிஞ்சும் திரிப்டோபன் என்ற அமினோ அமிலத்துடன் சேர்த்தால் அலனின் என்ற இன்னோர் அமினோ அமிலம் எளிதாக அயனாகிறது என்று கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். உறிஞ்சும் சேர்வையொன்று சூட்டை முதலில் வாங்கி, தன்னோடு புரதத்தையும் மெதுவாகத் தூக்கிவிடும் என்ற அடிப்படை அவர்களுடையது. (மாணவர்களுக்குப் புட்டைக் காட்டலாம்: மாவை நேரே நெருப்பில் போட்டால் கருகும், நீராவி வாங்கிக் கொடுக்கும் சூட்டில் பதமாக வேகும்.) 1988இல், தனாக்காவின் கட்டுரைக்குச் சற்றுப் பின்னர், நிக்கொட்டினிக் அமிலத்தைச் சேர்த்து மூலக்கூற்றுத் திணிவு 67,000 அளவுள்ள அல்புமின் என்ற புரதத்தை அவர்களும் அளந்தார்கள். இன்று மருத்துவ ஆய்வுகூடங்களில் பற்றீரியாவை இனங்காண உதவும் மால்டி (MALDI, உறிஞ்சும் சேர்வையின் துணையோடு லேசரால் அயனாக்கித் திணிவை அளக்கும் முறை) கருவிகள் வளர்ந்தது இந்த வழியில்தான். கோபால்ட் தூள் முறையைப் பாவிப்போர் மிகக் குறைவு. ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர முடியாது. அந்த ஆண்டில் தனாக்காவுடன் ஜோன் ஃபென்னும் குர்ட் வூத்ரிக்கும் இருந்ததால் இடம் நிறைந்துவிட்டது. அந்த விதியால் ஹில்லன்காம்ப், கராஸ் இருவரின் பெயர் பாடப்புத்தகத்திலிருந்தும் மறைவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆசிரியை

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரே ஆண்டில், ஒருவரையொருவர் சாராமல், இரண்டு இடங்களில் தொடங்கியிருக்கிறது என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. திங்கட்கிழமை 1985ஐ முதலில் எழுதி, அதன் கீழ் மூன்று பெயர்களையும் போடுவேன். 67,000 என்ற எண்ணை அந்தப் பிள்ளையையே வந்து எழுதச் சொல்லப்போகிறேன்.