லீ பவரி ஒப்பனை பாடும்போது உரிகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். விசித்திர உடை, ஒப்பனைகளுக்குப் பேர்போன மேடைக் கலைஞர் லீ பவரி 1985-இல் லண்டனில் தொடங்கிய 'டாபூ' இரவு கிளப்பைப் பற்றி பாடகர் பாய் ஜார்ஜ் இசையமைத்த இசை நாடகம் 2002-இல் அங்கேயே அரங்கேறியது. பவரியின் பாணியில் ஒரு மேடைக் காட்சிக்கு ஒப்பனை ஆலோசனை தேவை.

மொட்டைத் தலையிலிருந்து நெற்றிக்கு வண்ணம் வழியும் அந்தத் தோற்றம்தான். இப்போதைய முறை: திரவ லேடெக்ஸ் (காய்ந்ததும் தோல் மாதிரி படியும் ரப்பர் பால்) மெல்லிய 3 பூச்சு, ஒவ்வொன்றும் ஹேர் டிரையரில் குளிர்காற்றில் காய்ந்தபின் பவுடர், மேலே வண்ணம். உச்சஸ்தாயியில் வாய் அகலத் திறந்ததும் காதோரம் விளிம்பு கிளம்புகிறது. விளக்குச் சூட்டில் அடியில் வியர்வை தேங்கி, கொப்புளம் மாதிரி பை தொங்குகிறது. (கடைசி வரிசைக்குத் தெரியாதுதான், முன்வரிசைக்குப் பளிச்சென்று தெரியும்.) எண்ணெய்ச் சாயம் லேடெக்ஸையே இளக்கிவிடும், அதனால் அது வேண்டாம்.

இரண்டு கேள்விகள்:
ஆல்கஹாலில் கரையும் சாயத்தை நேரடியாகத் தோலில் பூசி, சொட்டுகளை மட்டும் லேடெக்ஸில் செய்தால் 2 மணி நேரம் தாங்குமா?
முடியே இல்லாத தலையில் வயர்லெஸ் மைக்கை எங்கே மறைப்பது? கன்னத்தில் ஒட்டினால் டேப் பிடிக்கவில்லை, மினுக்குத்தூளும் மைக் துளையில் அடைகிறது.

லேடெக்ஸ் ஒவ்வாமைச் சோதனை முன்கையில் 24 மணி நேரம் செய்தாகிவிட்டது. உடை மாற்ற 90 விநாடிதான். மேடையில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.