புகை மெஷின் வேண்டாம், தண்ணீர்த் தோங்குக்கு மூடி வாங்குவோம்

அனுப்பியவர்: ஆயாக்கொட்டகைப் பாட்டியின் பேத்தி, பெர்த்

சங்கத்து உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

தலைவர் மாமாவின் மடலைப் படித்தேன். ஆளுக்கு 200 வெள்ளி போட்டு, ஊருக்கென்று சொந்தமாகக் கொசுவுக்குப் புகையடிக்கும் மெஷின் ஒன்று வாங்கிக் கொடுப்போம் என்கிறார். டெங்கி என்று செய்தி வந்ததும் முதல் ஆளாகப் பணம் எடுத்து வைத்தவர் அவர்தான். அந்த மனசை நான் மதிக்கிறேன். ஆனால் மாமா, அந்தப் பணத்தைப் புகையில் போட வேண்டாம். மார்ச் மாதம் இரண்டு வாரம் நான் மலேசியாவில், கெடா மாநிலத்து நம் ஊர் பாடாங் செராயில் இருந்தேன். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், அப்புறம் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

சின்னம்மா வீட்டில்தான் தங்கினேன். பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே உட்கார முடியவில்லை. சின்னம்மா குளியலறைச் சிமெண்ட் தரையில் ஈரத்துணி விரித்துப் படுத்திருந்தார். நாம் எல்லாரும் வெயிலில் வளர்ந்தவர்கள்தான், ஆனால் இது அந்த வெயில் இல்லை. தொடர்ந்து மூன்று நாள் 35 பாகை தொட்டால் வானிலைத் துறை முதல் கட்ட எச்சரிக்கை விடும். 37 ஆனால் இரண்டாம் கட்டம். நம் பக்கத்து மாநிலம் பெர்லிஸில், சுப்பிங்கில், 1998 ஏப்ரலில் 40.1 பாகை பதிவானது நினைவிருக்கும். அந்த வருடம் நான் ஐந்தாம் வகுப்பு. பள்ளித் திடலில் புல் மொத்தமும் பழுப்பாகிப் போனது.

வெயில் ஏற ஏறக் குழாயில் தண்ணீர் மெலிந்துவிடுகிறது. காலையில் நூல் மாதிரி வரும், பிறகு வெறும் காற்று. நடுச்சாமம் இரண்டு மணிக்குக் குழாய் இருமும். அந்தச் சத்தத்துக்குச் சின்னம்மா எழுந்து போய்ப் பிடித்து வைப்பார். பின்கட்டில் ஐந்து நீலத் தோங், அதாவது தண்ணீர்ப் பீப்பாய், வரிசையாக நிற்கின்றன. ஒன்றுக்கும் மூடி இல்லை. இரண்டாம் நாள் இரவு நானே பிடிக்கப் போனேன். கைபேசி விளக்கை உள்ளே அடித்தேன். அடிவரை தெரியும் அளவுக்குத் தெளிந்த தண்ணீர். வெளிச்சம் பட்டதும் எள் அளவு புழுக்கள் நெளிந்து நெளிந்து கீழே இறங்கின. விளக்கை அணைத்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தால், வாலைத் தண்ணீர் மட்டத்தில் ஒட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கின. எண்ண முடியவில்லை.

"அது தண்ணிப் புழு கண்ணு, ஒன்னும் செய்யாது. நான் துணியில வடிகட்டித்தான் எடுக்கிறேன்" என்றார் சின்னம்மா.

நான் மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறேன். அந்தத் தோங்குப் பக்கத்தில் நின்றபோது எனக்குக் கை நடுங்கியது. அது டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு. சாக்கடையில் வளரும் கொசு இல்லை, நாம் குடிக்கச் சேர்த்து வைக்கும் நல்ல தண்ணீரில் வளரும் கொசு. மழைக்காலத்தில்தான் கொசு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் வராத காலத்தில் நாமே வீட்டுக்கு வீடு குளம் வெட்டி வைக்கிறோம், அதில்தான் இது பெருகுகிறது.

மறுநாள் காலை தோட்டத்து வரிசை வீடுகளான நம் லயத்தையும் பக்கத்துக் குடியிருப்பான தாமானையும் ஒரு சுற்று சுற்றினேன். 62 வீடு. மூடியோடு தோங் இருந்தது ஒன்பது வீட்டில். அப்புறம் இன்னொன்று பார்த்தேன், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ரப்பர் மரத்தில் பால் வெட்டு நின்று இத்தனை வருடம் ஆகியும் பல வீட்டுப் பின்புறம் பால் பிடிக்கிற பழைய மங்குகள் கிடக்கின்றன. சிலர் அதில் கற்றாழை வைத்திருக்கிறார்கள், சிலர் கோழிக்குத் தண்ணீர் வைக்கிறார்கள், மீதி சும்மா வானத்தைப் பார்த்துக் கிடக்கின்றன. மரத்து வேலை பார்த்த நம் அம்மாக்கள் பால் எடுத்ததும் மங்கைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டுத்தான் அடுத்த மரத்துக்குப் போவார்கள். யாரும் சொல்லித் தர வேண்டியிருக்காது, கை தானாகச் செய்யும். அந்தக் கைகளின் வீட்டுப் பின்னாலேயே இன்று மங்கு மல்லாந்து கிடக்கிறது.

இனி புகை விஷயம். புகை, பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும். தோங்கில் இருக்கும் புழு அப்படியே இருக்கும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் வெள்ளிக்கிழமை புகையடித்தால் அடுத்த வாரமே புதுக் கொசு பறக்கும். அதோடு, புகை வருகிறது என்றால் நம் ஆட்கள் சன்னலைச் சாத்திவிடுகிறார்கள், வீட்டுக்குள் இருக்கும் கொசுவுக்கு அதுவும் படுவதில்லை. தோங்கைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினாலும் போதாது. முட்டை உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேங்காய் நார் போட்டு உள்ளே நன்றாகத் தேய்க்க வேண்டும், வாரம் ஒரு தடவை.

மூன்றாம் லயத்துப் பையனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது. நாலு நாள் நல்ல காய்ச்சல். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதும் வீட்டில் எல்லாரும் நிம்மதியாகிவிட்டார்கள். ரசம் சோறு கொடுத்தார்கள், அவனும் வாசலில் வந்து உட்கார்ந்தான். சாயங்காலம் வயிற்று வலி, வாந்தி, ஈறில் ரத்தம். நல்லவேளை அவன் அத்தை கேட்டுக்கொண்டிருக்காமல் குலிம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். பிழைத்துக்கொண்டான். டெங்கியில் காய்ச்சல் விடுகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான நேரம். வலிக்கிறதே என்று ஆஸ்பிரின், புரூஃபன் கொடுக்கவே கூடாது, பாராசிட்டமால் மட்டும்தான். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் வாங்குகிறார்கள். தயவுசெய்து உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதைப் போன் போட்டுச் சொல்லுங்கள். 2019இல் நம் நாட்டில் 1,30,101 பேருக்கு டெங்கி வந்து 182 பேர் இறந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் "காய்ச்சல் விட்டிருச்சு" என்று சொல்லியிருப்பார்களோ.

நான் கேட்பது இதுதான். 62 வீட்டுக்கும் தோங் மூடி அல்லது சன்னக் கண்ணி வலை. மூலையில் கிடக்கும் மங்கு, டயர், உடைந்த சாடி எல்லாவற்றையும் அள்ளிப் போட ஒரு லாரி வாடகை. தனியாக இருக்கும் பெரியவர்கள் பதினொரு பேர், அவர்களுக்கு ஆளுக்கு ஒரு நிற்கும் காற்றாடி. மொத்தம் 4,800 வெள்ளிக்குள் முடியும். மிச்சத்துக்குப் பணம் வேண்டாம், ஆள் வேண்டும்.

*

அனுப்பியவர்: கிராணி மகன், சிங்கப்பூர்

தங்கச்சி எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. புகை மெஷினுக்கு எண்ணெய், மருந்து, பராமரிப்பு யார் பார்ப்பது என்று நானே கேட்க இருந்தேன்.

ஆனால் 2019இல் வளைவு கட்ட வசூலித்த பணத்துக்கு இன்றுவரை முழுக் கணக்கு வரவில்லை. சிமெண்ட், கம்பி, சிற்பி கூலி மூன்றுக்கும் பில் வந்தது. பெயிண்ட் வாங்கிய 1,150 வெள்ளிக்கு ஒரு துண்டுச் சீட்டுதான், அதிலும் கடை முத்திரை இல்லை. யாரையும் திருடன் என்று நான் சொல்லவில்லை. சீட்டைக் கேட்டதற்கு என்னோடு பேச்சை நிறுத்தியவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த என் அப்பா ஏன் கணக்கில் அத்தனை கெட்டியாக இருந்தார் என்று யோசித்துப் பாருங்கள். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் நம் ஆட்கள் வீடு வாசல் இழந்து நின்ற காலத்தில், 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டுகிறவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். அந்தப் பணத்தில் முதலில் வாங்கியது நம் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம்தான். அப்பா கட்டிய பணத்துக்கான ரசீதெல்லாம் கடைசிவரை தகரப் பெட்டியில் இருந்தது, சாமி படத்துக்குப் பக்கத்தில். ஏழைகள் பத்து வெள்ளி கொடுத்தார்கள் என்றால் ரசீதை நம்பித்தான் கொடுத்தார்கள்.

ஆகவே, மூடி என்ன அளவு, எந்தக் கடை, ஒன்று எவ்வளவு? காற்றாடிக்கு உத்தரவாதச் சீட்டு யார் பெயரில்? லாரி எத்தனை நடை? இது தெரிந்தால் என் பங்கு 500 வெள்ளி உடனே வரும்.

*

அனுப்பியவர்: தண்டல் வீட்டு மூத்தவன், லண்டன்

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். முடியவில்லை.

தங்கச்சி, நீ நல்லதற்குத்தான் எழுதினாய். ஆனால் நம் சனம் புழுத் தண்ணீர் குடிக்கிறது என்று எழுதியதைப் படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் குழுவில் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் இருக்கிறார்கள். நம் லயம் எப்படி இருந்த லயம்! சனிக்கிழமை தோட்டத்து மருத்துவ உதவியாளர் டிரெசர் வருகிறார் என்றால் அம்மா வாசலைச் சாணி போட்டு மெழுகி, வாளியைக் கவிழ்த்து, எங்களைத் துவைத்த சட்டையோடு நிறுத்தி வைப்பார். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் இருந்தால்கூட டிரெசர் பிரட்டில், எல்லாரும் வரிசையில் நிற்கும் இடத்தில், பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். என் தாத்தா மலேரியா எண்ணெய் அடிக்கும் கூட்டத்தில் இருந்தவர். முதுகில் தகரத்தைக் கட்டிக்கொண்டு ஓடை ஓடையாக எண்ணெய் தெளித்துக்கொண்டு போவார்களாம். கறுத்துப்போன அந்தச் சட்டையைப் பாட்டி கடைசிவரை தூக்கிப் போடவில்லை.

வளைவைப் பற்றிக் கிராணி மகன் மறுபடி ஆரம்பித்ததால் சொல்கிறேன். பெயிண்ட் வாங்கியது என் தம்பி. சொந்தப் பணம் 300 வெள்ளி அதில் போட்டான். அதை யாரும் கேட்கவில்லை. அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது உங்கள் அப்பாவை நம்பித்தான் கையெழுத்துப் போட்டார். அதை நாங்கள் எங்கும் எழுதவில்லை.

சரி, அது இருக்கட்டும். தங்கச்சி சொன்ன 11 காற்றாடியும் என் செலவு. யார் பெயரும் போட வேண்டாம்.

*

அனுப்பியவர்: ஆயாக்கொட்டகைப் பாட்டியின் பேத்தி, பெர்த்

அண்ணன் இருவருக்கும் நன்றி.

லண்டன் அண்ணா, உங்கள் மனசை நோகடித்திருந்தால் மன்னித்துவிடுங்கள். ஆனால் எழுதியதை மாற்றிக்கொள்ள மாட்டேன். சின்னம்மா அழுக்கானவர் இல்லை. எழுபத்து நாலு வயதில் நடுச்சாமத்தில் எழுந்து தண்ணீர் பிடிக்கிறவர். மானம் போகும் என்று நாம் பேசாமல் இருந்தால், அவருக்கு யார் போய்ச் சொல்வது? உங்கள் தாத்தா கதையைப் படித்தபோது ஒன்று தோன்றியது. மலேரியாக் கொசு ஓடையில் இருந்தது, அதனால் ஒரு கூட்டத்தை அனுப்பி எண்ணெய் தெளிக்க முடிந்தது. இந்தக் கொசு நம் பின்கட்டில் இருக்கிறது. அங்கே வெளி ஆள் யாரும் வாரா வாரம் வந்து தேய்க்க முடியாது, அந்த வீட்டு ஆள்தான் தேய்க்க வேண்டும்.

கிராணி வீட்டு அண்ணா, நீங்கள் கேட்டது நியாயம். மூன்று கடை விலைப்பட்டியலையும் இத்தோடு இணைத்திருக்கிறேன். மூடி 200 லிட்டர் தோங்குக்குப் பொருந்துவது. உத்தரவாதச் சீட்டு அந்தந்தப் பெரியவர் பெயரில். ஒவ்வொரு ரசீதையும் படம் எடுத்து அன்றைக்கே குழுவில் போடச் சொல்லியிருக்கிறேன். வளைவுக் கணக்கை இதில் கலக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அது நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டியது.

ஆள் விஷயம். குலிம் ஹைடெக் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் எட்டுப் பேர் வெள்ளிக்கிழமை காலை கோத்தோங் ரோயோங்குக்கு, ஊர் கூடிச் செய்யும் துப்புரவு வேலைக்கு, வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சுகாதார அலுவலகத்தில் தண்ணீரில் போட்டால் புழுவைக் கொல்லும் ஏபேட் மருந்து கேட்டிருக்கிறோம். பத்து லிட்டருக்கு ஒரு கிராம், அதாவது ஒரு முழுத் தோங்குக்கு 20 கிராம், அதற்கு மேல் போட வேண்டாம். பெரியவர்கள் வீட்டுக்கு மதியம் ஒரு தடவை போய்க் கதவைத் தட்டும் வேலையைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை அக்கா ஏற்றுக்கொண்டார். தாகம் எடுக்கவில்லை என்று தண்ணீர் குடிக்காமலேயே இருந்துவிடுகிறார்கள், வயதானால் தாகமே சரியாகத் தெரியாது. உளறினாலோ, தோல் நெருப்பாகச் சுட்டாலோ, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்துவிட்டு உடனே ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும்.

நேற்று இரவு சின்னம்மா போன் செய்தார். மூடி வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று, பழைய கொசுவலையைக் கிழித்து ஐந்து தோங்குக்கும் போட்டு, மோட்டார் சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டி இறுக்கிக் கட்டிவிட்டாராம். மங்குகளையெல்லாம் பொறுக்கிக் கவிழ்த்து அடுக்கியும் விட்டாராம், நாற்பத்து மூன்று இருந்ததாம். கற்றாழை வைத்த ஒன்றை மட்டும் தூக்கிப் போட மனசு வரவில்லை, அடியில் ஓட்டை போட்டுவிட்டேன், சரிதானே என்று கேட்டார்.